பழைய கணினியில் காலாவதியான பிரவுசர்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளிலும் கோயில் மண்டபத் தமிழ் வகுப்புகளிலும், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த கணினிதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேங்க் பக்கம் திறக்கவில்லை, சஸ்ஸா (அரசு உதவித்தொகை தரும் நிறுவனம்) விண்ணப்பம் பாதியில் நிற்கிறது என்று உதவிக்குக் கூப்பிடுகிறவர்கள், அதற்குள் பெரும்பாலும் இருந்த பிரவுசரை அழித்திருப்பார்கள். தேடலில் முதலில் வந்த இடத்திலிருந்து வேறொன்றை இறக்கியிருப்பார்கள். எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பட்டனையும் அழுத்தியிருப்பார்கள். வேலை கெடுவது இங்கேதான்.

"பிரவுசர் பழசாயிடுச்சு" என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். தேதி தப்பாக இருக்கலாம், தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் நம்பகமான நிறுவனங்களின் பட்டியல் பழையதாக இருக்கலாம், பிரவுசரே பழையதாக இருக்கலாம், விண்டோஸே காலாவதியாகியிருக்கலாம். எது என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் பாதிப் பேருக்கு நான்காம் படியைத் தாண்ட வேண்டியிருக்காது.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல நிலையில் உள்ள இன்னொரு கணினி அல்லது புதிய போன் ஒன்று வேண்டும். பழைய கணினிக்கான மென்பொருளைப் பழைய கணினியிலேயே இறக்குவதுதான் போலிகள் உள்ளே வர எளிய வழி.

8 ஜிபி மெமரி ஸ்டிக் ஒன்று போதும். அதில் இருக்கிற கல்யாணப் படங்களை முதலில் வேறெங்காவது மாற்றிவிடுங்கள். பின்னால் அதை முழுவதும் அழிக்க வேண்டி வரலாம்.

ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். வரும் எச்சரிக்கையின் சொற்களை அப்படியே எழுத வேண்டும். "ஏதோ சிவப்பாக வந்தது" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் உதவ முடியாது.

டேட்டாவும் யோசிக்க வேண்டிய விஷயம். பிரவுசர் ஒன்றை இறக்க ஏறக்குறைய 100 எம்பி அளவில் முடிந்துவிடும். விண்டோஸுக்குப் பதிலாக வேறு இயங்குதளம் போட வேண்டி வந்தால் கிட்டத்தட்ட 3 ஜிபி போகும். நடுராத்திரிக்குப் பிறகு மட்டும் செல்லுபடியாகும் மலிவான டேட்டா வாங்கியிருந்தால் அதை இதற்கு ஒதுக்குங்கள், அல்லது வைஃபை உள்ள நூலகத்துக்குப் போங்கள்.

மின்சாரத்தையும் பாருங்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் பிரவுசரின் கோப்புகள் கெட்டு, புக்மார்க் எல்லாம் காணாமல் போகலாம். லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023இல் இந்தப் புகார் நிறைய வந்தது. லேப்டாப் என்றால் பேட்டரி அரை மணி நேரமாவது தாங்குமா என்று முதலில் சோதியுங்கள்.

2. தேதி, நேரம், நேர மண்டலம்: இந்த வரிசையில்

வலது கீழ் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் சரியாக இருந்து ஆண்டு 2009 என்று காட்டினால் உங்கள் பிரவுசருக்கு ஒரு நோயும் இல்லாமலே இருக்கலாம். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியே வருகிறது. கணினியின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால், சரியான பேங்க் பக்கத்தையும் பிரவுசர் போலி என்றே எடுத்துக்கொள்ளும்.

அடுத்து நேர மண்டலம். நம் ஊருக்கு விண்டோஸ் பட்டியலில் "ஹராரே, பிரிட்டோரியா" என்ற வரிதான் சரி. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கணினிகளில் அமெரிக்க மண்டலம் அப்படியே கிடக்கும். வாங்கியவர் முள்ளை மட்டும் கையால் திருப்பி டர்பன் நேரமாக்கி வைத்திருப்பார். பார்க்க நேரம் சரி. உள்ளுக்குள் பல மணி நேரம் தள்ளி ஓடும். அதனால் கடிகாரத்தை நம்பி உருவாகும் பாதுகாப்பு எண்கள் ஏற்கப்படாமல் போகும். மண்டலத்தை முதலில் மாற்றி, பிறகு நேரத்தைச் சரி செய்யுங்கள். வரிசையை மாற்றினால் சரி செய்த நேரம் மறுபடி தள்ளிப்போகும்.

சரி செய்தபின் கணினியை நிறுத்தி, சுவர் சுவிட்சையும் அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். தேதி பின்னால் போய்விட்டால் மதர்போர்டில் உள்ள சிறு வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான டெஸ்க்டாப்களில் அது சிஆர் 2032. சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். இந்த பேட்டரி தீர்ந்ததற்காகக் கணினியையே தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

3. எது எவ்வளவு பழசு

விண்டோஸ் சாவியையும் பாஸ் சாவியையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பக்கத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் எந்தப் பதிப்பு, ராம் எவ்வளவு, 32 பிட்டா 64 பிட்டா. அப்புறம் பிரவுசரின் மெனுவில் ஹெல்ப், அதற்குள் அபவுட். அங்கே பதிப்பு எண் இருக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியா? மைக்ரோசாஃப்ட் அதை 2014 ஏப்ரலிலேயே கைவிட்டுவிட்டது. அதில் ஓடிய கடைசி க்ரோம் 49, கடைசி ஃபயர்ஃபாக்ஸ் 52. இந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். தட்டச்சுப் பழகவும் பழைய பாடல்கள் கேட்கவும் ஆகும். நெட் வேண்டுமென்றால் நேராக 8ஆம் படிக்குப் போங்கள்.

விண்டோஸ் 7 என்றால் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, 8.1க்கு 2023 ஜனவரியில். இந்த இரண்டிலும் ஓடும் கடைசி க்ரோம் 109, எட்ஜும் 109. அபவுட் பக்கத்தில் 109 என்று பார்த்தால் அது அதற்கு மேல் ஏறாது. அப்டேட் பட்டனைத் தேடிக் களைக்க வேண்டாம். இவர்களுக்கு மிச்சமிருக்கும் நேர்மையான வழி ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட காலம் ஆதரவு தரப்படும் பதிப்பு). அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் தேதியை, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா ஒருமுறைக்கு மேல் தள்ளிவைத்திருக்கிறது. போடுவதற்கு முன் மொஸில்லாவின் ஆதரவுப் பக்கத்தில் தேதி இன்னும் தாண்டவில்லையா என்று பாருங்கள்.

விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆனால் அதில் பிரவுசர்கள் இன்னும் புதுப்பிக்கப்படுகின்றன; அதன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் எட்ஜுக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. விண்டோஸுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தமும் வரும். விண்டோஸ் 10காரர்கள் பதற வேண்டியதில்லை, பிரவுசரைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் தீரும்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் நீல எழுத்தைத்தான் இன்னும் அழுத்துகிறீர்களா? அதை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஓய்வுபெற வைத்துவிட்டது. ஐகானை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கை பழக்கத்தில் அங்கேயே போகும்.

4. எச்சரிக்கையில் உள்ள சொல்லைப் படியுங்கள்

முழு வாக்கியமும் புரிய வேண்டாம். அதில் எந்தச் சொல் இருக்கிறது என்பதே போதும்.

"கிளாக்" அல்லது "டேட்" என்ற சொல் வந்தால் 2ஆம் படிக்குத் திரும்புங்கள். தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளத்தில் மட்டும் வந்தால், அந்தத் தளத்துக்காரர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கிறார். காத்திருங்கள்.

"அத்தாரிட்டி", "இஷ்யூவர்" என்று வந்தால், சான்றிதழை வழங்கிய நிறுவனத்தை உங்கள் கணினிக்குத் தெரியவில்லை. 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருப்பது) காலாவதியானது. லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ்களில் ஓடிய தளங்கள் பல, அன்றுமுதல் அப்டேட் இல்லாத கணினிகளில் திறக்காமல் போயின. நம்பகமான வழங்குநர்களின் பட்டியலை ஃபயர்ஃபாக்ஸ் தன்னோடே கொண்டுவருகிறது, விண்டோஸை நம்பியிருப்பதில்லை. பழைய கணினிக்கு நான் அதைச் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

ஆனால் இதே எச்சரிக்கை எல்லாத் தளத்திலும் வந்தால் காலாவதியான ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். சில ஆன்டிவைரஸ்கள் பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவில் நின்று தங்கள் சொந்தச் சான்றிதழைக் காட்டும். சந்தா தீர்ந்து பல ஆண்டானது அதைத் தப்பாகச் செய்யும். அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

"வெர்ஷன்", "புரோட்டோகால்", "சைஃபர்" என்று வந்தால் பிரவுசரே பழசு. தளம் பேசும் புதிய குறியாக்க முறை இதற்குத் தெரியாது. பெரிய பிரவுசர்கள் எல்லாம் 2020 வாக்கிலேயே டிஎல்எஸ் 1.0, 1.1 என்ற பழைய முறைகளை அணைத்துவிட்டன. சர்வர்களும் அப்படியே செய்துவருகின்றன. செட்டிங்கில் எதைத் தட்டினாலும் பெரும்பாலும் இது தீராது.

எச்சரிக்கையே வராமல் வெள்ளைப் பக்கம் மட்டும் நிற்பது, அல்லது "சப்மிட்" பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காமல் இருப்பது தனி ரகம். தளத்தின் நிரல் புதிய ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டிருக்கிறது, பழைய பிரவுசருக்கு அதில் ஒரு குறி புரியாவிட்டாலும் அந்தக் கோப்பு முழுவதையும் விட்டுவிடும். மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து அதே விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். தளத்தை ஏமாற்றி நான் புது பிரவுசர் என்று சொல்லவைக்கும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) உண்டு. பெயர்தான் மாறும், புரியாத குறி புரியாததாகவே இருக்கும்.

5. ஆபத்து எங்கே இருக்கிறது

"நான் கண்ட தளத்துக்கெல்லாம் போவதில்லையே" என்று ஆன்ட்டிமார் சொல்வார்கள். அது முழுப் பாதுகாப்பு ஆகாது. 2023 செப்டம்பரில் வெப்-பி வகைப் படங்களை விரித்துக் காட்டும் நிரல்பகுதியில் ஓர் ஓட்டை வெளிவந்தது. அதற்கென்று செய்த ஒரு படத்தைப் பிரவுசர் திறந்தாலே தாக்குதல் நடக்கக்கூடிய நிலை. எதையும் அழுத்த வேண்டியதில்லை. க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எல்லாம் உடனே அடைத்தன. அதற்கு முன்பே வளர்ச்சி நின்றுபோன பதிப்புகளில் அந்த வாசல் திறந்தே கிடக்கிறது. நல்ல செய்தித் தளத்தில் வரும் விளம்பரப் படமும் படம்தான்.

இன்னொரு ஆபத்து, என் கணக்கில் இதைவிடப் பெரியது: பழைய பிரவுசர் வைத்திருப்பவருக்கு "உங்கள் பிரவுசர் பழசு, புதுப்பியுங்கள்" என்ற பலகை பழகிப்போகிறது. திருடர்கள் அதே பலகையைச் செய்து வைக்கிறார்கள். உண்மையான தளம் ஒன்றைக் கைப்பற்றி, அதன் மேல் போலி அப்டேட் பெட்டியைக் காட்டுவது பல ஆண்டுகளாக நடக்கிற தொழில். எனவே ஒரு கட்டாய விதி: எந்த இணையப் பக்கத்தின் நடுவில் தோன்றும் அப்டேட் பட்டனையும் அழுத்தாதீர்கள். பிரவுசரைப் புதுப்பிக்கும் இடம் அதன் மெனுவில் உள்ள அபவுட் மட்டும்தான். திரையில் ஒரு போன் நம்பர் வந்து "உடனே அழையுங்கள்" என்றால் பிரவுசரை மூடுங்கள். மூடவில்லையென்றால் கணினியையே நிறுத்துங்கள்.

6. பழையதை அழிக்காமல் புதியதைப் போடுங்கள்

நல்ல கணினியில் மொஸில்லாவின் அதிகாரபூர்வ தளத்துக்குப் போய், ஈஎஸ்ஆர் 115ஐத் தேர்ந்தெடுத்து, முழு நிறுவியை (இன்ஸ்டாலர்) மெமரி ஸ்டிக்கில் இறக்குங்கள். 32 பிட்டா 64 பிட்டா என்று கேட்கும். 3ஆம் படியில் எழுதியதைப் பாருங்கள். சிறிய நிறுவி வேண்டாம். அது ஓடும்போது மீதியை நெட்டிலிருந்து இறக்கப் பார்க்கும், அந்தக் கணினியிலோ நெட்தான் தகராறு.

பழைய பிரவுசரை அப்படியே விட்டுவிட்டு இதை நிறுவுங்கள். காரணம்: ஃபயர்ஃபாக்ஸ் திறந்ததும் க்ரோமில் சேமித்த புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் தானே எடுத்துக்கொள்ளும் வசதி தருகிறது. பழையதை முதலில் அழித்தவருக்கு எடுக்க ஒன்றும் இருக்காது. "அங்கிள், பாஸ்வேர்ட் எல்லாம் கம்ப்யூட்டருக்குத்தானே தெரியும்!" என்று அதற்கப்புறம் நிற்பவர்கள் பலர்.

தானாக எடுக்க முடியாமல் போனால், பழைய பிரவுசரின் பாஸ்வேர்ட் பக்கத்தில் ஏற்றுமதி செய்யும் வழி இருக்கும். வெளிவரும் கோப்பில் எல்லா பாஸ்வேர்டும் திறந்த எழுத்தாக இருக்கும். ஏற்றிய உடனே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைப்பது மிகக் கெட்ட யோசனை.

தினமும் போகும் நான்கைந்து தளங்களைப் புதியதில் திறந்து பாருங்கள். எல்லாம் வந்தால், அப்போது பழையதை நீக்குங்கள். இரண்டும் இருந்தால் வீட்டில் யாராவது பழைய ஐகானையே அழுத்துவார்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் நீட்சிகள் எல்லாம் திடீரென்று செயலிழந்துவிட்டன என்றால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2025 மார்ச் 14 அன்று மொஸில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. 128க்குக் கீழே உள்ள பதிப்புகளும், ஈஎஸ்ஆரில் 115.13க்குக் கீழே உள்ளவையும் அதில் மாட்டின. அப்டேட் செய்தால் தீரும்.

விளம்பரத் தடுப்பான் ஒன்றைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூபிளாக் ஆரிஜின் நல்லது. டேட்டா மிச்சம், 2 ஜிபி ராம் உள்ள கணினிக்கு மூச்சும் கிடைக்கும், போலி அப்டேட் பெட்டிகளிலும் பல வராமல் போகும்.

7. மிச்சம் கிடக்கும் குப்பை

கன்ட்ரோல் பேனலில் நிரல்களின் பட்டியலைத் திறந்து ஃபிளாஷ் ப்ளேயர், பழைய ஜாவா, டூல்பார் என்று முடியும் எதையும் நீக்குங்கள். ஃபிளாஷை அடோபி 2020 டிசம்பர் 31இல் கைவிட்டது. அப்போது வரித்துறையான சார்ஸின் சில ஈ-ஃபைலிங் படிவங்கள் இன்னும் ஃபிளாஷில்தான் இருந்தன. அதற்காக 2021 ஜனவரியில் சார்ஸ் தனக்கென்றே ஒரு பிரவுசரை வெளியிட்டது. அது இன்னும் சில கணினிகளில் தூங்குகிறது. படிவங்கள் மாறிவிட்டன, அதற்கு இனி வேலையில்லை. ஜூலையில் ரிட்டர்ன் போடும் நேரம் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

8. விண்டோஸையே மாற்ற வேண்டி வந்தால்

ராம் 4 ஜிபியும் 64 பிட் ப்ராசஸரும் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபியிலும் ஓடும், பொறுமை வேண்டும். புதிய ஃபயர்ஃபாக்ஸ் அதோடே வரும், அப்டேட்டும் நிற்காது. 32 பிட் மட்டுமே தெரிந்த ப்ராசஸர் என்றால் என் கருத்து: அதில் பணமோ நேரமோ போடாதீர்கள்.

மெமரி ஸ்டிக்கை நல்ல கணினியில்தான் தயார் செய்ய வேண்டும். அதற்கு எல்லோரும் பயன்படுத்தும் ரூஃபஸ் என்ற நிரலின் புதிய பதிப்புகள் விண்டோஸ் 7இல் ஓடாது. பிறகு பழைய கணினியில் செருகி, தொடங்கும்போது எஃப்12 அல்லது எஃப்9ஐத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும்.

உடனே நிறுவாதீர்கள். ஸ்டிக்கிலிருந்தே ஓடவிட்டு மூன்றைப் பாருங்கள்: வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் தெரிகிறதா, சத்தம் வருகிறதா. பழைய லேப்டாப்களில் வைஃபைதான் காலை வாரும். நிறுவுவது என்று முடிவெடுத்தால் வட்டில் உள்ள அனைத்தும் போகும், எனவே கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, எடுத்தவை வேறொரு கணினியில் திறக்கின்றனவா என்றும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழ் வகுப்புக்காரர்களுக்கு ஒரு சொல்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பாடத்தாள்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள், நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

9. இதில் செய்யக்கூடியது, கூடாதது

விண்டோஸ் 7இல் புதிய ஃபயர்ஃபாக்ஸ் போட்டாலும் அடியில் உள்ள விண்டோஸ் ஓட்டைகள் அடைபடவில்லை. படிப்பது, யூடியூப், பாடம் தேடுவது, அச்செடுப்பது எல்லாம் செய்யலாம். பேங்க், சார்ஸ், சஸ்ஸாவில் பேங்க் கணக்கு எண்ணை மாற்றுவது, முக்கிய ஈமெயிலின் பாஸ்வேர்ட் ஆகிய நான்கும் இதில் வேண்டாம். ஈமெயிலை ஏன் சேர்த்தேன் என்றால், அது கையில் கிடைத்தவனுக்கு மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றும் வழியும் கிடைக்கிறது.

அந்த வேலைகளுக்கு அப்டேட் வரும் போன் மேல். போனும் ஆண்ட்ராய்டு 7க்கு முந்தையது என்றால் 4ஆம் படியில் சொன்ன சான்றிதழ்த் தொல்லை அதிலும் உண்டு. பேரப்பிள்ளைகள் யாராவது வரும்வரை காத்திருந்து அவர்கள் போனில், தனிச் சாளரத்தில் (பிரைவேட் அல்லது இன்காக்னிட்டோ) திறந்து, முடிந்ததும் வெளியேறிவிடுங்கள்.

10. இத்தனைக்கும் பிறகும் வரவில்லையென்றால்

எல்லாத் தளமும் திறந்து ஒன்று மட்டும் அடம்பிடித்தால், அந்தத் தளத்தின் குக்கியை (தளம் உங்கள் கணினியில் வைத்திருக்கும் சிறு குறிப்பு) மட்டும் அழியுங்கள். எல்லாவற்றையும் அழித்தால் எல்லா இடத்திலும் மறுபடி உள்ளே நுழைய வேண்டும்.

தனிச் சாளரத்தில் திறந்து, சாதாரணச் சாளரத்தில் திறக்கவில்லை என்றால் குக்கியோ நீட்சியோதான் காரணம். நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். விளம்பரத் தடுப்பானிலிருந்து தொடங்குங்கள்.

கரண்ட் போனபின் புக்மார்க் காணோம் என்றால் ஃபயர்ஃபாக்ஸின் புக்மார்க் மேலாளரில் மீட்டெடுக்கும் பட்டியலைப் பாருங்கள். அது தேதி வாரியாகத் தானே பிரதி வைத்திருக்கும். கரண்ட் போன நாளுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

பக்கம் திறக்கிறது, ஆனால் கணினி உறைகிறது என்றால் பிரவுசரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒரே நேரத்தில் மூன்று தாவல்களுக்கு மேல் வேண்டாம். அதற்கும் உறைந்தால், ராம் இடத்தில் இன்னொரு 2 ஜிபி பலகை செருக வழியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். பழைய கணினிப் பாகங்கள் விற்கும் கடைகளில் அந்தக் காலத்து ராம் கிடைக்கும், டிடிஆர் 2ஆ 3ஆ என்பதைப் பழைய பலகையில் படித்துவிட்டு வாங்குங்கள்.